பழைய ஜீப்பில் எஞ்சின் மாற்றும்போது எஞ்சின் உட்காரும் இடத்துக்குப் பெயின்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடியிலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் மூட்டையும் சுமந்த ஒரு மஹிந்திரா எம்.எம். 540 என் கைக்கு வந்தது. உள்ளே பீஜோ வழி வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி. புகையும் தட்டலுமாகக் கடைசி மூச்சில் இருந்தது. அதை இறக்கிவிட்டு 2523 சி.சி. எம்.டி.ஐ. எஞ்சினை வைத்தோம். அந்த இடைவெளியில் பானட்டுக்கு அடியில் உள்ள இடம், அதாவது ‘எஞ்சின் பே’ முழுவதும் பெயின்ட் அடித்தேன். இரண்டு தடவை அடித்தேன் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை அடித்தது வீணாகப் போனது. அதற்கப்புறம் இதே வேலையில் இறங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பேச்சு ஜீப்பைப் பற்றியது என்றாலும் பழைய பிக்கப், சின்ன லாரி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி ஒத்துவரும்.

எஞ்சின் மாற்றும்போது பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வண்டி தினமும் ஓடிச் சம்பாதிக்கிறது, நான்கு நாளுக்கு மேல் நிறுத்த முடியாது என்றால் நன்றாகக் கழுவி, துருவைச் சுரண்டி, பிரஷ்ஷில் சேசிஸ் பிளாக் என்கிற கறுப்புப் பெயின்டைப் பூசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஃபயர்வால், அதாவது டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கிற தகடு, முழுசாகக் கண்ணில் படுவது எஞ்சின் வெளியே இருக்கும்போது மட்டும்தான். அதன் கீழ் விளிம்பில்தான் சேறு தங்கும், அங்கேதான் துரு தின்னும். எஞ்சினை ஏற்றிவிட்டால் அங்கே கை போகாது. என் வண்டியில் கிளட்ச் பெடலுக்கு நேர் முன்னால் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு இற்றுப்போயிருந்தது. எஞ்சின் இருந்தவரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

பழைய எஞ்சினை இறக்கியதும் பெயின்ட் வேலையை ஆரம்பித்துவிடலாமா?

கூடாது. நான் செய்த தப்பு இதுதான்.

எஞ்சின் வெளியே வந்ததும் இடம் காலியாக, கைக்கு வாகாக இருக்கும். அடித்துவிடலாம் என்று மனசு பரபரக்கும். நானும் கழுவி, தேய்த்து, பிரைமர் போட்டு, சாம்பல் நிறத்தில் அழகாக அடித்து முடித்தேன். ஐந்தாம் நாள் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டு புது எஞ்சின் உள்ளே வந்தது. பழைய எஞ்சினுக்கு இருந்த மவுண்டிங் இதற்குச் சேரவில்லை. சேசிஸில் இருந்த பிராக்கெட்டை அறுத்து, வேறு பிராக்கெட் செய்து வெல்டிங் வைக்க வேண்டியதாகிவிட்டது. வெல்டிங் சூட்டில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் கருகிப் பொரிந்தது. கிரைண்டர் தீப்பொறி ஃபயர்வாலில் பட்டு, அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரம் புள்ளிகள். பொறி பட்ட இடத்தில் இரும்புத் துகள் பெயின்டுக்குள் புதைந்துவிடும்; இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் ஒரு துருப்பொட்டாக எழும்பும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பழையதை இறக்குங்கள். ஒரு தடவை மேலோட்டமாகக் கழுவுங்கள். புது எஞ்சினை கியர்பாக்ஸோடு சேர்த்து உள்ளே வைத்துப் பாருங்கள். வெல்டிங், துளை, அறுப்பு எல்லாவற்றையும் முடியுங்கள். எஞ்சினை மறுபடி வெளியே எடுங்கள். அதற்கு அப்புறம்தான் பெயின்ட். எஞ்சினை இரண்டு தடவை ஏற்றி இறக்குவதா என்று மெக்கானிக் முகம் சுளிப்பார். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

வைத்துப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் பானட் மூடுகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், மூடாத வண்டியைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சைலன்ஸர் பைப் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஸ்டீயரிங் ராடையோ பிரேக் பைப்பையோ உரசுகிறதா, ஏர் கிளீனர் எங்கே உட்காரும், பேட்டரிக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்பதெல்லாம் அடுத்தது.

நான் மறந்த விஷயம் ஒன்று உண்டு. எக்ஸ்.டி.பி. எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் வேண்டும். அதன் ரிலே, தடித்த வயர், அதைப் பிடித்த கிளிப் எல்லாம் ஃபயர்வாலில் இருந்தன. எம்.டி.ஐ. நேரடியாக டீசலைப் பீய்ச்சும் ரகம், ஹீட்டர் பிளக் இல்லாமலேயே கிளம்பிவிடும். அதனால் அந்தத் துளைகள் எல்லாம் அநாதையாக நின்றன. இப்படித் தேவையில்லாமல் போன துளைகளைச் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள். அவை வெல்டிங் வைத்து மூட வேண்டியவை. புதிதாகத் துளை வேண்டிய இடத்துக்குப் பெருக்கல் குறி. நான் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது வட்டம் பதினொன்று, பெருக்கல் ஆறு.

எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

இந்த விஷயத்தில் ஜீப் புண்ணியவான். மட்கார்டு இரண்டும், முன் கிரில்லும், பானட்டும் போல்ட்டில் நிற்பவை. கழற்றிவிட்டால் மிஞ்சுவது சேசிஸின் இரண்டு கைகளும் ஃபயர்வாலும்தான். மட்கார்டைத் தனியே ஸ்டாண்டில் மாட்டி உள்பக்கம் அடிக்கலாம். குனிந்து, தலையை உள்ளே விட்டு அவதிப்பட வேண்டாம்.

கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். பத்துப் படம் போதும் என்று நினைத்தால் ஐம்பது எடுங்கள். வயர் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் டீசல் பட்டதும் அழிந்துவிடும். வயரிங் கட்டை முழுசாக வெளியே எடுக்க முடியாவிட்டால் பாலித்தீன் பையில் சுருட்டி, ஃபயர்வால் துளை வழியாக டிரைவர் பக்கம் தள்ளிவிடுங்கள். வயர் மேலேயே அடித்துவிட்டால், பிற்பாடு சிவப்பு எது பச்சை எது என்று தெரியாமல் ஒரு எலக்ட்ரீஷியன் உங்களைத் திட்டுவார்.

பிரேக் பைப்பைக் கழற்றினால் வாயை உடனே மூடுங்கள். தேய்க்கிற தூசி உள்ளே போகக் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கை எப்படிப் போக்குவது?

இந்த வேலையில் நேரம் தின்பது இதுதான். எனக்குக் கழுவவும் சுரண்டவும் ஒன்பது நாள், பெயின்ட் அடிக்க அரை நாள்.

முப்பது வருடப் பிசுக்கு ஒரே கழுவலில் போகாது. முதலில் பழைய ஸ்க்ரூடிரைவர், பட்டித் தகடு வைத்துக் கட்டியாக இருப்பதைச் சுரண்டி எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷ்ஷில் தொட்டு ஊறவிட்டுத் தேயுங்கள். டீசலில் கழுவியதோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிசுக்கைக் கரைக்கும், ஆனால் தன் படலத்தை அங்கேயே விட்டுப் போகும். அதன் மேல் அடித்த பெயின்ட் அப்பளம் மாதிரி உரிந்து வரும். ஆகவே அடுத்தது சோப்புப் பொடி, வெந்நீர், அப்புறம் வாட்டர் சர்வீஸ் பம்ப். காய்ந்ததும் தின்னர் தொட்ட சுத்தமான பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு, ஈரம் காயும் முன்னே உலர்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எண்ணெயை ஊர்வலம் விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

சுத்தமாகிவிட்டதா என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு வயதான பெயின்டர். எல்லாம் முடித்துவிட்டேன் என்று நினைத்து அவரைக் கூப்பிட்டேன். அவர் தகட்டைத் தொடவே இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து ஃபயர்வாலின் மேல் விளிம்பிலிருந்து மெதுவாக ஊற்றினார். பாதித் தகட்டில் தண்ணீர் ஒரே போர்வையாக இறங்கியது. ஸ்டீயரிங் பக்கம் மட்டும் பிளந்து, முத்து முத்தாகத் திரண்டு உருண்டது.

“அங்க இன்னும் எண்ணெய் இருக்கு தம்பி. கழுவிட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்னொன்று: பட்டறையில் டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் வகையறா எதையும் அந்த வாரம் திறக்காதீர்கள். பலவற்றில் சிலிகோன் இருக்கும். காற்றில் வந்து துளி படிந்தாலும், அடிக்கிற பெயின்ட் அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும்.

துருவுக்கு என்ன செய்வது? ரெட் ஆக்ஸைடு பூசினால் போதாதா?

துருவின் மேல் ரெட் ஆக்ஸைடு பூசுவது நம் ஊரில் வெகுநாள் பழக்கம். அதன் நிறம் துருவோடு ஒத்துப்போவதால் கண்ணுக்கு நிம்மதி, அவ்வளவுதான். அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, செதில் செதிலாக இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள். தெறிக்கிற கம்பி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பளபளப்பான இரும்பு வந்த பிறகும் குழிகளுக்குள் கறுப்பாகப் புள்ளிகள் நிற்கும். அவற்றுக்குத்தான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது துருவோடு வினைபுரிந்து இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொல்லியிருக்கிற நேரம் வைத்துவிட்டு, கழுவவோ துடைக்கவோ சொன்னால் அதைச் செய்யுங்கள். அமிலம் மிஞ்சிய இடத்தில் எபாக்ஸி பிரைமர் ஒழுங்காக இறுகாது.

பளபளவென்று எடுத்த இரும்பை ராத்திரி முழுக்க அப்படியே விடாதீர்கள். காலையில் வந்து பார்த்தால் மஞ்சள் பூசியிருக்கும். எந்த அளவுக்கு அன்றே பிரைமர் போட முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் தேயுங்கள். முதலில் ஃபயர்வால், மறுநாள் சேசிஸ் இடது கை, அதற்கடுத்து வலது கை என்று பிரித்துக்கொண்டேன்.

சேசிஸ் உள்ளே பொந்தாக இருக்கும். மலை வண்டி என்றால் அதற்குள் சிவப்பு மண் கட்டிகட்டியாக அடைந்திருக்கும். என் வண்டியில் பம்ப் வைத்து அடித்தபோது ஒரு பக்கெட் அளவு சேறும், ஏதோ ஒரு பறவை கொண்டுபோய் வைத்த வைக்கோலும் வந்தன.

பேட்டரி வைக்கிற தட்டு முழுக்க அரித்திருக்கிறது. தேய்த்து அடிக்கலாமா?

தேய்க்கும் முன் அமிலத்தை முறிக்க வேண்டும். பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம், அது துருவுக்குள் ஊறியிருக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு பொங்கும். பொங்குவது நிற்கும்வரை ஊற்றி, நிறைய தண்ணீரில் கழுவுங்கள். தட்டு சல்லடையாகிவிட்டிருந்தால் புதுசு செய்துகொள்வதே மேல். அது தனியே கழற்றக்கூடிய சின்னத் தகடு என்பதால் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுக்கலாம், பெயின்டைவிட நின்று பிடிக்கும்.

துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி வைத்து அடைக்கலாமா?

வேண்டாம். பட்டி தண்ணீர் குடிக்கும். எஞ்சின் ஆட்டத்தில் விரிசலும் விடும். எம்.டி.ஐ. டிராக்டர் எஞ்சின் பரம்பரை, ஐடிலிங்கில் மட்கார்டு வரைக்கும் குலுக்கும். நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் கோட்டைச் சமப்படுத்த, பிரைமர் போட்ட பிறகு மெல்லிசாகப் பட்டி இழுப்பது வேறு விஷயம்.

என்.சி., எனாமல், 2கே: எது நல்லது?

என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் வேண்டாம். சீக்கிரம் காயும், அடிப்பது சுலபம். ஆனால் ஒரு தடவை காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரைந்துவிடுகிற சரக்கு அது. எண்ணெய், டீசல், பிரேக் ஆயில் மூன்றும் புழங்குகிற இடத்துக்கு அது லாயக்கில்லை.

சிந்தெடிக் எனாமல் மோசமில்லை. பிரஷ்ஷிலேயே பூசலாம், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு நாள் ஆகும், உள்ளே முழுசாக இறுக இரண்டு மூன்று வாரம். பழைய ஜீப்பில் பிரஷ் கோடு தெரிந்தால் யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. செலவும் குறைவு. சொந்தக் கையால், வீட்டு வாசலில் அடிப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

நிற்பது என்று பார்த்தால் 2கே, அதாவது இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். டீசலும் எஞ்சின் ஆயிலும் அதை ஒன்றும் செய்யாது, துணியால் துடைத்தால் போய்விடும். அடியில் எபாக்ஸி பிரைமர் போட்டுவிட்டால் பத்து வருடம் கவலை இல்லை. கலக்கும் விகிதம் டப்பாவுக்கு டப்பா மாறும். இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டிப் போட்டால் பெயின்ட் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

2கே பெயின்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஒரு தடவை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிற்பாடு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். வாசனை பெரிதாகத் தெரியாது, ஆகவே மூக்கை நம்ப முடியாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பெயின்டர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கைக்குட்டையும் பேப்பர் மாஸ்க்கும் இதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொடுக்கிற முகமூடிதான் முறையானது. அது இல்லை என்றால் பெயின்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள், வீட்டில் எனாமலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் நடமாடுகிற போர்ட்டிகோவில் அடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பா?

பிராக்கெட், கிளாம்ப், ஹாரன் மாதிரி சின்ன உருப்படிகளுக்குச் சரி. ஃபயர்வாலுக்கு வேண்டாம். படலம் மெல்லிசு, எண்ணி ஆறு மாதம்.

எமரி பேப்பர் நம்பர், ஸ்ப்ரே கன், காற்றழுத்தம் எல்லாம் எப்படி?

துரு இருந்த இடத்துக்கு 80 நம்பர் எமரி. நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்டை முழுக்க உரிக்கத் தேவையில்லை. 180 அல்லது 220 வைத்து மங்கலாக்கினால் போதும். பிரைமர் காய்ந்ததும் 400 வாட்டர் பேப்பர். பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாது. மூலை, போல்ட் தலை, மடிப்பு இவற்றில் பேப்பர் போகாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் நன்றாகப் போகும்.

கன் நாஸில் பிரைமருக்கு 1.6 அல்லது 1.8, பெயின்டுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. சுமாராக, கன் வாயில். கம்ப்ரஸர் டாங்க்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு ஆரம்பியுங்கள். எஞ்சின் பேயில் மடிப்பும் மூலையும் அதிகம் என்பதால் முதலில் மூலைகளுக்குள் லேசாக அடித்துவிட்டு, அப்புறம் சமதளத்துக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் மூலையை நிரப்பும் முயற்சியில் பக்கத்துத் தகட்டில் பெயின்ட் தடித்து ஒழுகும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஜீப் அளவு வண்டிக்கு ஒரு லிட்டர் பிரைமர், ஒரு லிட்டர் பெயின்ட் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தகடு வியர்க்கும், பெயின்டும் வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகும். சித்திரை மத்தியான வெயிலும் ஆகாது. பெயின்ட் தகட்டில் படும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுவது வசதி.

சைலன்ஸர் மேனிஃபோல்டுக்கும் அதே பெயின்ட் அடிக்கலாமா?

அடித்தால் முதல் மலை ஏற்றத்திலேயே புகைந்து உரியும். பானட்டுக்குள் தகடுகள் சாதாரணமாக நூறு டிகிரியை ஒட்டித்தான் சூடாகும், அதை 2கே தாங்கும். மேனிஃபோல்டு சுமையோடு ஏறும்போது 400 டிகிரியைத் தாண்டும். அதற்கு 600 டிகிரி என்று போட்ட அலுமினிய நிற ஹீட் பெயின்ட் தனியே இருக்கிறது. அதற்கு அடியில் சாதாரண பிரைமர் போடக் கூடாது, வெறும் இரும்பில்தான் அடிக்க வேண்டும், மெல்லிசாக. சூடு பட்டால்தான் அது இறுகும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து என்று படிப்படியாகச் சூடேற்றுங்கள். முதல் தடவை கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம்.

சைலன்ஸர் பைப் ஃபயர்வாலை ஒட்டி இறங்குகிற இடத்தில் பெயின்டை மட்டும் நம்பாமல் ஒரு தகட்டை இடைவெளி விட்டு மறைப்பாகக் கட்டிவிடுங்கள்.

எஞ்சினுக்கும் சேர்த்து அடித்துவிடலாமா?

அடிக்கலாம், ஆனால் முதலில் எல்லா வாயையும் மூடுங்கள். டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் மைக்ரான் கணக்கில் பொருந்தி ஓடுகிறவை. ஒரு சிட்டிகை எமரித் தூசி போனால் பம்ப் ரிப்பேருக்கு ஆகும் செலவில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கலாம். டீசல் பைப் முனைகள், இன்டேக், சைலன்ஸர் வாய், மூச்சுக்குழாய், டிப் ஸ்டிக் துளை எல்லாவற்றுக்கும் மூடியோ டேப்போ வேண்டும். துணியைத் திணிப்பது ஆபத்து. மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு.

ஆல்டர்நேட்டர், மவுண்டிங் ரப்பர், ஹோஸ், பெல்ட் ஓடுகிற புல்லி பள்ளம் இவற்றில் பெயின்ட் படக் கூடாது. ரேடியேட்டருக்குத் தடிமனாக அடித்தால் சூடு வெளியேறாது. அழுக்காகத் தெரிகிறதே என்றால் மிக மெல்லிய கறுப்பு ஒரு கை போதும்.

எர்த் பாயிண்ட்டை விட்டுவிட்டு அடி என்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

இரண்டாவது தடவை எல்லாம் சரியாகச் செய்து எஞ்சினையும் ஏற்றிய பிறகு, சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றது. மறுபடி திருப்பினேன். மெக்கானிக் “நிறுத்துண்ணே, நிறுத்து!” என்று கத்தினார். ஆக்சிலரேட்டர் கேபிளின் மேலுறை உருகி, மெல்லிசாகப் புகை.

நடந்தது இதுதான்: எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியே கரண்ட் போகாது. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கிற எர்த் பட்டைதான் வழி. அதை நான் என் அருமையான எபாக்ஸி பிரைமர், 2கே பெயின்ட் இரண்டுக்கும் மேல் வைத்து முறுக்கியிருந்தேன். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். பட்டை வழியே போக முடியாத அந்தக் கரண்ட், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் கிடைத்த ஒரே இரும்பு வழியான ஆக்சிலரேட்டர் கேபிளில் பாய்ந்துவிட்டது.

ஆகவே எர்த் போல்ட் உட்காரும் இடத்தை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். மாட்டும்போது பளபளக்கிற இரும்பில், பல் வைத்த வாஷரோடு முறுக்குங்கள். முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினால் துரு வராது.

மரைகளுக்கும் இதே கவனம் தேவை. ஃபயர்வாலில் வெல்டிங் வைத்த நட்டுகளில் பழைய போல்ட்டை நாலு சுற்று மாட்டிவிட்டு அடித்தால், பிற்பாடு மரை வெட்டும் கருவி போட்டு மரையைச் சுத்தம் செய்கிற வேலை மிச்சம்.

எந்த நிறம்?

வெளிர் சாம்பல். ஆயில் கசிந்தால் அன்றே தெரியும். கறுப்பு அழகுதான், ஆனால் கசிவு எல்லாவற்றையும் மறைத்துவிடும், ராத்திரி டார்ச் அடித்து நட்டைத் தேடும்போதும் வயிற்றெரிச்சல். பாடி நிறத்திலேயே அடிப்பது பார்வைக்குப் பாந்தம். வெளிப்புற நிறத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆர்.டி.ஓ. விஷயம்?

பெயின்டுக்கு முன்பே முடிக்க வேண்டியது அது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருப்பதால், மாற்றும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். எஞ்சின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பெயின்ட் சம்பந்தமாக ஒன்று: சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் பட்டி, தடித்த பிரைமர் எதுவும் போகக் கூடாது, கிரைண்டரும் கிட்டே போகக் கூடாது. நம்பர் தேய்ந்திருந்தால் வண்டியைத் திருட்டு வண்டி மாதிரிப் பார்ப்பார்கள். கையால் மெதுவாகச் சுத்தம் செய்து, மேலே பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரே ஒரு கோட் கொடுங்கள். அடித்த பிறகு மறுபடி பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எழுத்து விழவில்லை என்றால் பெயின்டைத் தின்னர் வைத்து அன்றே துடைத்துவிடுங்கள்.

அடித்து எத்தனை நாள் கழித்து எஞ்சினை ஏற்றலாம்?

2கே என்றால் தொடுவதற்கு மறுநாளே காய்ந்திருக்கும். ஆனால் ஸ்பேனர் உரசலைத் தாங்க ஒரு வாரம் விடுங்கள். ஏற்றும்போது ஃபயர்வாலிலும் சேசிஸ் கைகளிலும் பழைய கம்பளியையோ அட்டைப்பெட்டியையோ டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இருநூறு கிலோவுக்கு மேல் உள்ள இரும்பு சங்கிலியில் ஆடிக்கொண்டு வரும், எங்காவது ஒரு இடி இடிக்காமல் உட்காராது.

பிரேக் ஆயில் கொட்டிவிட்டால்?

உடனே தண்ணீரை ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ரகங்களான டாட் 3, டாட் 4 இரண்டுமே தண்ணீரில் கலக்கும். துணியால் துடைத்தால் மட்டும் போதாது, பரப்பிவிட்டதாகிவிடும். எனாமல் என்றால் சில நிமிடங்களிலேயே சுருங்க ஆரம்பிக்கும். 2கே கொஞ்சம் பொறுக்கும், ராத்திரி முழுக்கப் பொறுக்காது.

உங்கள் வண்டி இப்போது எப்படி இருக்கிறது?

இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. ஃபயர்வால் கழுவினால் புதுசு மாதிரி வருகிறது. வலது மவுண்டிங் பிராக்கெட்டின் விளிம்பில் எஞ்சின் ஆட்டத்துக்கு ஒரு முடி அளவு விரிசல். அதைச் சுரண்டி பிரஷ்ஷில் தொட்டு வைத்தேன். கிளட்ச் கேபிள் உரசிய இடத்தில் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டேன். மாஸ்டர் சிலிண்டருக்கு அடியில் எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம் இருக்கிறது. அதன் வாஷர் கசிகிறது என்று அந்தக் கொப்புளம்தான் காட்டிக்கொடுத்தது. வாஷரை மாற்றிவிட்டேன், கொப்புளம் அப்படியே இருக்கிறது. ஹார்ட்னர் கலக்காத பெயின்ட் கால் லிட்டர் இறுக மூடி வைத்திருக்கிறேன். தை மாதம் பிறந்ததும் அதைத் திறக்க வேண்டும்.